அசைக்கக் கூடாத குடுவை

ஆவுடையம்மாள் தன் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடியை விட்டால் அந்தக் கை தன் பாட்டுக்கு எழுந்து போய்விடுமோ என்று பயம். ஐம்பது வயதில் சொந்தக் கையைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. மணி இரண்டு பத்து. ஜன்னலை ஒட்டிய சிமெண்டு மேடையில், நாலாக மடித்த துண்டின் மேல் அந்தக் குடுவை இருந்தது. மேலே இளமஞ்சளாகத் தெளிந்த தண்ணீர், அடியில் அரிசி களைந்த தண்ணீரை நெடுநேரம் வைத்தால் படியுமே, அது மாதிரி ஒரு விரல் கனத்துக்கு மண்டி. நாலு மணி வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஷெர்லின், தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற சாருடைய அறைக்குப் போயிருந்தாள். தும்மக் கூடாது என்றது விளையாட்டுக்குத்தான். ஆனால் சொன்னதிலிருந்து ஆவுடைக்கு மூக்கு நமநமத்துக்கொண்டே இருந்தது. "எல்லாம் இந்த ஃபிரிட்ஜ் சவம் பண்ணுற வேலைக்கா," என்றிருந்தாள் ஷெர்லின். "இதுக்க பக்கத்துல வச்சதுதான் தப்பு. இது அதிர்ற அதிர்ச்சியில அடியில ஒட்டிக்கிட்டு இருக்குறது கலைஞ்சிருது. இன்னைக்கு ஜன்னல்ல வச்சாச்சு. நீங்க இருந்து பாத்துக்கிடுங்க. உங்கள விட்டா இஞ்ச எனக்கு யாரு இருக்கா?" நாகர்கோவில் பிள்ளை. எதற்கெடுத்தாலும் 'எனக்க', 'உங்களுக்க' என்பாள். இருபத்தாறு வயது. ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று தலையில் எண்ணெய் வைக்கக்கூட நேரமில்லாத பிள்ளை. ஆவுடை சரி என்று தலையை ஆட்டினாள். ஃபிரிட்ஜ் இல்லை. பாவம் அது, பத்து வருஷமாக அதே மூலையில் நின்று அதே மாதிரி உறுமிக்கொண்டிருக்கிறது. குடுவையைக் கலைத்தது ஆவுடையின் கை.

பாளையங்கோட்டையில் இந்தக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருஷமாகக் குடுவை கழுவுகிறாள். ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த அறையில் பாதிக்கு மேல் தெரியாது, ஆனால் எது எங்கே இருக்கும் என்று தெரியும். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்றும் தெரியும் என்றுதான் நேற்று வரைக்கும் நினைத்திருந்தாள். அறையின் மறு மூலையில் ஒரு மெஷின் இன்னொரு குடுவையைச் சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டிருந்தது, கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரே சீரான சத்தத்தோடு. ஒன்று ஆடுகிறது, ஒன்று நிற்கிறது. இரண்டிலும் ஒரே பாக்டீரியா. இரண்டிலும் இன்று ஒரு மணிக்கு ஷெர்லின் ஒரே அளவு வைரஸ் விட்டாள். பாக்டீரியாவைத் தின்கிற வைரஸாம். மனுஷரை ஒன்றும் செய்யாது, பயப்படாதீங்க என்று சொல்லியிருக்கிறாள், ஆனாலும் வைரஸ் விடுகிற அன்றைக்கெல்லாம் ஆவுடை நாலு தடவை கை கழுவுவாள். ஆடுகிற குடுவையில் பாக்டீரியா தனித்தனியாக மிதக்கும். நிற்கிற குடுவையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக அடியில் போய் உட்காரும். கேள்வி இவ்வளவுதான்: கும்பலாகக் கிடப்பது வைரஸிடமிருந்து தப்புமா, தனியாகத் திரிவது தப்புமா? போன ஆவணியில், கருத்தரங்கில் பேசுவதற்கு முன்னால், ஷெர்லின் அவளை ஸ்டூலில் உட்கார வைத்துத் தமிழில் பேசிப் பழகினாள். உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்க்கா என்றாள். கழுவின குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே ஆவுடை கேட்டாள். கும்பலா, தனியா என்ற இடம் வந்ததும் அவள் கையிலிருந்து குடுவை நழுவப் பார்த்தது. அதற்கப்புறம் ஷெர்லின் என்ன பேசினாள் என்று இன்று வரைக்கும் அவளுக்குத் தெரியாது. ஐந்து வருஷமாக எந்தச் சாமியிடமும் கேட்கத் தைரியம் வராத கேள்வியை, இந்தப் பிள்ளை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

முதல் தடவை குலுக்கியது அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், மேடையைத் துடைக்கும்போது. ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்த குடுவையைத் தூக்கினாள், அடியில் மண்டி தெரிந்தது. பிள்ளைகளுக்கு வாங்குகிற காய்ச்சல் மருந்து பாட்டிலில் எழுதியிருக்குமே, நன்றாகக் குலுக்கிக் கொடுக்கவும் என்று. ஷெர்லின் மறந்துவிட்டாள் போல என்று நாலு சுற்று சுற்றிவைத்தாள். மண்டி புகை மாதிரி எழுந்து கலந்து போனது. பார்க்க நன்றாக இருந்தது. சாயங்காலம் அந்தக் குடுவை மொத்தமும் தெளிந்து கிடந்தது, தேத்தாங்கொட்டை உரைத்த தண்ணீர் மாதிரி. ஆவுடை நல்லது என்று நினைத்தாள். தண்ணீர் தெளிந்தால் நல்லதுதானே. ஷெர்லின் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முகம் சிறுத்துப் போனாள். இந்த அறையில் தெளிவு என்றால் சாவு என்பது ஆவுடைக்கு அப்புறம்தான் புரிந்தது. கலங்கலாக இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, தெளிந்துவிட்டால் எல்லாம் வெடித்துப் போயிற்று என்று அர்த்தம். அப்படியானால் இரண்டாவது தடவை ஏன் குலுக்கினாய்? மூன்றாவது தடவை ஏன்? மருந்து பாட்டில் என்று அப்போதும் சொல்வாயா? யார் கேட்டார்கள், யாரும் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டாள். அடியில் அப்படி அப்பிக்கொண்டு கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, போர்வை போதாத வீட்டில் பிள்ளைகள் கிடக்கிற மாதிரி. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வந்துவிடுமே. தள்ளித் தள்ளிப் போங்க, எந்திரிங்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சுற்றினாள். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளை வேலைக்கு வைத்திருக்கிற ஒப்பந்தக்காரர் காதில் விழுந்தால் சிரிக்க மாட்டார், நாளையிலிருந்து வேறு ஆள் வருவாள். ஆறு தடவை செய்த சோதனையில் மூன்று ஒருவிதமாகவும் மூன்று வேறுவிதமாகவும் வந்ததாம். "இது ஆராய்ச்சியா, காசு சுண்டிப் போட்டுப் பூவா தலையா பாக்குறதா?" என்று சார் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். உன் கை சரியில்லை என்றாராம். அந்த வார்த்தைதான் பிள்ளையைத் தின்கிறது. மூன்று நாளாகத் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு நாற்பது. குடுவை அப்படியே இருக்கிறது. காசு சுண்டுவது என்று சார் சொன்னது ஒன்றும் தப்பில்லை, ஆவுடையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு இந்த இரண்டு குடுவையும் பூக்கட்டிப் பார்க்கிற பொட்டலங்கள். அம்மன் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஏதாவது சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. அவள் கல்யாணமே அப்படி வெள்ளை வந்து நடந்ததுதான். அந்தக் காய்ச்சல் வருஷத்தில் மட்டும் பூக்கட்டிப் பார்க்க வழியில்லாமல் போனது. கோயிலெல்லாம் பூட்டிக் கிடந்தது. திருப்பூரிலிருந்து மூத்தவன் இசக்கி போன் பண்ணினான், கம்பெனியை மூடிட்டாங்க, என்ன செய்ய எம்மா என்று. பெஞ்சாதியும் நாலு வயசிலும் ரெண்டு வயசிலும் பிள்ளைகளும் ஒற்றை அறையில் கிடக்கிறார்கள். அவளாகத்தான் முடிவெடுத்தாள். கிளம்பி வாங்கலே, எல்லாரும் இங்க வாங்க, என்ன வந்தாலும் ஒண்ணாப் பாப்போம் என்றாள். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை. ஏழாம் வகுப்பில் நாலுகோடு நோட்டில் பத்துத் தடவை எழுதியது. அதை போனில் சொல்லவும் செய்தாள், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. அவள் வீட்டுக்காரர் தன் லோடு ஆட்டோவில் ஊரடங்கு பாஸ் ஒட்டி, மதுரை வரைக்கும் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அவள், அவர், மூத்தவன் குடும்பம் நாலு பேர், சின்னவன், மகள் சுபா, நாத்தனார். ஒன்பது பேர். இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். முதல் இரண்டு நாள் திருவிழா மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நாத்தனார் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தாள். சின்னவனும் மூத்தவனும் பழைய சண்டையை மறந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் படுக்க இடம் போதவில்லை என்று அவர் தன் பாயை நடையில் போட்டுக்கொண்டார், வாசற்கதவை ஒட்டி, குறுக்காக. "காய்ச்சல் வந்தா என்னையத் தாண்டித்தான் உள்ள வரணும். வரட்டும், டிக்கெட் கேக்கேன்," என்றார். பிள்ளைகள் சிரித்தன. மூன்றாவது நாள் அவருக்கு இருமல் வந்தது.

லாரி ஒன்று வெளியே பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஜன்னல் கண்ணாடி கிர்ரென்றது. ஆவுடை எழுந்து ஓடி, குடுவையைச் சுற்றி இரண்டு கைகளையும் குவித்தாள், தொடாமல், காற்றில் விளக்கை அணையாமல் காப்பது மாதிரி. மேல் தண்ணீரில் ஒரு சின்ன வளையம் ஓடி நின்றது. அடியில் ஒன்றும் எழவில்லை. நல்லவேளை. கையை எடுக்கவும் பயமாக இருந்தது, எடுக்கிற வேகத்தில் இடித்துவிட்டால்? மெல்ல, ஒவ்வொரு விரலாக விலக்கினாள். இவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் பார்க்கிறாள். மண்டியின் மேல்பரப்பு பாலாடை மாதிரி மெல்லச் சுருங்கியிருந்தது. இந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறதோ. வைரஸ் கண்ணுக்குத் தெரியாது. பாக்டீரியாவே தெரியாது, கூட்டம் சேர்ந்தால்தான் தெரியும். தனியாக இருக்கிற வரைக்கும் யார் கண்ணுக்கும் தெரியாது, சேர்ந்தால் தெரிந்துவிடும். அதுதான் குற்றமோ? சேர்ந்ததுதான் குற்றமோ? ஒன்பது பேருக்கும் வந்தது. சின்னதுகளுக்கு ஒரே ஒரு நாள் உடம்பு சுட்டது, மறுநாள் ஓடின. இசக்கிக்குப் பத்து நாள். அவளுக்கு வாசனை போய்விட்டது, அடுப்பில் குழம்பு கரிந்தால்கூடத் தெரியவில்லை. அவரை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது திரும்பி, நடையில் இருந்த பாயைச் சுருட்டி வை, பிள்ளைய அதுமேல படுத்திரப் போவுது என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெரிய வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப வீட்டுக்கு வரவில்லை. பதினாறாம் நாள் நாத்தனார் அரிசி புடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "பேசாம அவுக அவுக இருந்த இடத்துல இருந்திருக்கலாம்," என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. மழை வந்திருக்கலாம் என்பது மாதிரி சொன்னாள். அந்த முறத்தின் சத்தம் ஐந்து வருஷமாக நிற்கவில்லை. குடுவை தேய்க்கும்போதும் கேட்கிறது, பஸ்ஸில் வரும்போதும் கேட்கிறது. இருந்த இடத்தில், இருந்த இடத்தில், இருந்த இடத்தில்.

அதற்கப்புறம் அவள் யாரையும் ஒன்றாகக் கூப்பிட்டதில்லை. பொங்கலுக்கு மூத்தவன் குடும்பம், ஆடிக்குச் சின்னவன், தீபாவளிக்கு சுபாவும் மாப்பிள்ளையும். ஒருத்தர் கிளம்பி இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்தவர். "தண்ணி லாரி மாதிரி எங்களுக்கு முறை வச்சிருக்காவ," என்று சின்னவன் கேலி பண்ணுவான். சுபா, சின்னவன் கல்யாணங்களைக்கூடக் கோயிலில் வைத்து, மூத்தவனை முகூர்த்தத்துக்கு வந்து சாப்பாட்டுக்கு முன்னால் போகும்படி செய்துவிட்டாள். ஏதாவது ஒரு சாக்கு சொல்வாள், வீட்டில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. இப்போது சுபாவுக்கு ஏழாம் மாசம். ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் அங்கிருந்து பிள்ளையைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். இன்று மதியம் போன் பண்ணினாள். "எத்தன பேரு வாரீயன்னு எங்க மாமியா கேக்காவ. நாலு மணிக்குச் சமையல்காரருக்குச் சொல்லணுமாம்." நானும் உன் அத்தையும் மட்டும் வாரோம் என்று ஆவுடை சொல்லிப் பார்த்தாள். நான் வந்தாலும் வளையல் போட முடியாது, ஓரமாத்தானே நிக்கணும் என்றும் சொல்லிப் பார்த்தாள். சுபா அழவில்லை, கத்தவில்லை. "எம்மா, அண்ணன்மாரு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு அஞ்சு வருஷமாச்சு. மொத வளையல் நீதான் போடணும். எத்தன பேருன்னு நாலு மணிக்குச் சொல்லு," என்று வைத்துவிட்டாள். எத்தனை பேர். எளிய கேள்விதான். இரண்டு என்று சொல்லலாம். எட்டு என்றும் சொல்லலாம். மூத்தவன் வீட்டில் நாலு, சின்னவனும் அவன் பெஞ்சாதியும் இரண்டு, நாத்தனார், அவள். போகும்போது எட்டு. சுபாவைச் சேர்த்துக்கொண்டு திரும்பும்போது ஒன்பது. அந்த எண் தொண்டையில் முள் மாதிரி குத்தியது. இன்றைய குடுவை சொல்லட்டும் என்று ஒரு மணிக்கு மனதுக்குள் நேர்ந்துகொண்டாள். அடியில் மண்டி நின்றால் எட்டு. தெளிந்தால் இரண்டு. ஆனால் தானே கையை விட்டுக் கலைத்த பொட்டலத்தில் எந்தப் பூ வந்தால் என்ன? முன்பு தெளிந்ததெல்லாம் குடுவை சொன்ன பதில் இல்லை, அவள் கை சொன்னது. பயந்தது அவள், கலைத்தது அவள், செத்தது அதுகள். சொல்லிவிடலாமா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பிள்ளை தலைப்பை மாற்ற வேண்டியிருக்கும். ஃபிரிட்ஜ் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கலாம், அது வாய் திறந்து இல்லை என்று சொல்லாது. இன்று சரியாக வந்தால் பிள்ளையே ஃபிரிட்ஜ்தான் என்று எழுதிவிடுவாள். யாருக்கும் தெரியாது. எட்டு வருஷம் இந்த அறையில் ஒரு குடுவையைக்கூட உடைக்காதவள். மூக்கு மறுபடியும் நமநமத்தது. முந்தானையால் பொத்திக்கொண்டு வாசல்வரை ஓடி, வெளியே வராந்தாவில் போய்த் தும்மினாள். திரும்பி வந்தால் மணி மூன்று நாற்பது. ஷெர்லின் எதிரே வந்துகொண்டிருந்தாள், முகத்தைக் கழுவியிருந்தாள், கழுவியும் கண் சிவப்பு போகவில்லை.

"என்னக்கா, வெளியில நிக்குதிய? அது பத்திரமா இருக்கா?"

"இருக்கு பாப்பா. தும்ம வந்தேன்."

ஷெர்லின் சிரித்தாள், சிரித்த வாயோடு உதடு கோணியது. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இன்னைக்கும் சரியா வரலேன்னா தலைப்ப மாத்தச் சொல்லிட்டாருக்கா. ஒன்றரை வருஷம். எனக்க கைக்கு இது வராதாம்." உள்ளங்கையை விரித்து, ஜோசியக்காரனிடம் நீட்டுவது போல ஆவுடையின் முன்னால் நீட்டினாள்.

ஆவுடை அந்தக் கையைப் பார்த்தாள். ஸ்பிரிட்டில் உரிந்து உரிந்து வெளுத்த விரல்நுனிகள். வாய் தானாகத் திறந்தது. "உன் கை இல்ல பாப்பா. என் கை."

"என்னது?"

"நாந்தான் குலுக்குனேன். நிக்குற குடுவைய. ஃபிரிட்ஜ் ஒண்ணும் பண்ணல."

"எப்ப?"

"மூணு தடவ."

ஷெர்லின் எழுந்தாள். "எதுக்குக்கா?" ஆவுடை மருந்து பாட்டில் என்று ஆரம்பித்தாள், நிறுத்தினாள். "மொதத் தடவ மருந்துன்னு நெனச்சேன். மத்த ரெண்டும் அப்படி இல்ல. அதுக அடியில அப்பிக்கிட்டு கெடந்தது எனக்குப் பொறுக்கல. ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்திரும்லா. தள்ளிப் போயி பொழச்சுக்கிடட்டும்னுதான்..."

"அக்கா! ஒன்றரை வருஷம்க்கா!" ஷெர்லின் மேடையை ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"மேடைய அடிக்காத!" என்று ஆவுடை கத்தினாள். இரண்டு பேருடைய நான்கு கைகளும் ஒரே நேரத்தில் குடுவையைச் சுற்றிப் போய், தொடாமல் நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மேலே ஒரு வளையம் ஓடியது, அடங்கியது. அடியில் ஒன்றும் எழவில்லை. ஷெர்லின் மெல்லக் கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு வேறு குரலில், "எந்தெந்த நாள்? ஞாபகம் இருக்கா?" என்றாள்.

தேதி ஆவுடைக்குத் தெரியாது. நாள் தெரியும். வெந்நீர் பட்டுக் கை பொத்துப்போன அன்றைக்கு ஒன்று. கார்த்திகைக்கு முந்தின நாள் ஒன்று. மூன்றாவது, உனக்கு நான் கீரைவடை கொண்டுவந்தேனே, அன்றைக்கு. ஷெர்லின் நோட்டைப் பிரித்து, விரலை வைத்துத் தேடித் தேடி வட்டம் போட்டாள். "பல்லு புடுங்கப் போனீங்கல்லா, அன்னைக்கு நீங்க இல்ல. அன்னைக்கு அடியில உள்ளது பொழச்சிருக்கு. ரேஷன் கடையில கைரேகை வைக்கப் போன அன்னைக்கும் பொழச்சிருக்கு. கல்யாண வீட்டுக்கு லீவு போட்ட அன்னைக்கும்." பேனா நின்றது. "நீங்க வந்த நாளெல்லாம் செத்திருக்கு. வராத நாளெல்லாம் பொழச்சிருக்கு. எனக்க கை சரியாத்தான் இருந்திருக்கு." நோட்டின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆவுடை, தொடக் கூடாது என்று பிடித்து வைத்திருந்த கையைத் தூக்கி, அந்த எண்ணெய் இல்லாத தலையில் வைத்தாள்.

"அப்ப," என்று ஆரம்பித்தாள் ஆவுடை. "அப்ப கும்பலா இருந்ததுதான் பொழச்சுதா?"

"கும்பல்ல எல்லாம் பொழைக்காதுக்கா." ஷெர்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "வெளியில இருக்குதுல்லா, ஓரத்துல, அது மேலதான் வைரஸ் மொதல்ல ஏறும். ஓரத்துல உள்ளது வாங்கிக்கிட்டு செத்துரும். ஆனா அங்கேயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். பின்னால வர்ற வைரஸ், செத்ததுன்னு தெரியாம அதுக்குள்ளேயே போய்ப் போய் மாட்டி வீணாப் போயிரும். அதனால நடுவுல இருக்குறது கொஞ்சம் தப்பிக்கும். நீங்க குலுக்குனப்ப ஓரமும் இல்ல, நடுவும் இல்ல."

"தனியாப் போனது?"

"தனியா இருந்தா, வைரஸ் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகும். ஆனா கண்டுபிடிச்சிட்டா முன்னால நிக்க ஆள் இல்ல."

"எல்லாக் கும்பலும் தப்புமா?"

"இல்லக்கா. சின்னக் கும்பல்னா மொத்தமும் போயிரும். பக்கத்துல பக்கத்துல இருக்குறதால சட்டுன்னு பரவிரும். பெரிய கும்பல்னாதான் நடுவுல மிஞ்சும்."

ஆவுடை முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். "ஒம்பது பேருன்னா," என்றாள், "அது பெருசா, சின்னதா?"

"ஒம்பதா?" ஷெர்லின் சிரித்துவிட்டாள். "லட்சக்கணக்குலக்கா. ஒம்பதெல்லாம்..." என்று சொல்ல வந்தவள் ஆவுடையின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஷெர்லின் இந்த அறைக்கு வந்திருக்கவில்லை, ஆனால் ஆவுடையக்கா வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். "அக்கா," என்றாள் மெதுவாக. "இது மனுஷங்களுக்குப் பொருந்தாது. இதுகளுக்கு யாரையும் காப்பாத்தணும்னு நெனப்பு கெடையாது. ஒட்டுற கொணம், ஒட்டுது. அவ்வளவுதான். இத வச்சு நீங்க ஒண்ணும்..."

"தெரியும் பாப்பா," என்றாள் ஆவுடை. அவளுக்குத் தெரியும். நெனப்பு கிடையாது அதுகளுக்கு. அவருக்கு இருந்தது. காய்ச்சல் வரட்டும், டிக்கெட் கேக்கேன் என்று குறுக்கே படுத்த ஆளுக்கு நெனப்பு இல்லாமலா இருந்தது. பால் வாங்க அவர்தான் போனார், காய் வாங்க அவர்தான் போனார், இசக்கி எழுந்தால், நீ கிடல என்று அதட்டிவிட்டுப் போனார். இத்தனை நாளும் அவள் எண்ணிக்கொண்டிருந்தது எத்தனை பேரை ஒன்றாகச் சேர்த்தோம் என்பதை. யார் எங்கே படுத்திருந்தார்கள் என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. நடுவில் பிள்ளைகள் இரண்டு. அதைச் சுற்றிப் பெண்கள். அதற்கப்புறம் பையன்கள். கதவை ஒட்டி ஒரு பாய். அதனால்தான் மிஞ்சினார்களா? தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. திருப்பூரிலேயே அந்த ஒற்றை அறையில் இருந்திருந்தால் அந்தப் பாய் எந்தக் கதவை ஒட்டிக் கிடந்திருக்கும், அதையும் சொல்ல முடியாது.

மணி நாலு. ஷெர்லின் கையுறை மாட்டிக்கொண்டு குடுவையைத் துண்டோடு மெல்லத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே தெளிவு. அடியில் மண்டி, காலையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் மெலிந்து, ஆனால் இருந்தது. "இதுல உசிரு எத்தன இருக்குன்னு நாளைக்குக் காலையில பிளேட்டுல வளந்தத எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்," என்றாள். "நாளைக்கு வருவீங்கல்லா? சார்கிட்ட நான் பேசிக்கிடுதேன். அசைச்சதையும் ஒரு சோதனையா சேத்து எழுதுகேன். யாரு அசைச்சதுன்னு கேட்டா, கைன்னு எழுதுகேன், போதும்."

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. நாளைக் காலை வரைக்கும் சமையல்காரர் காத்திருக்க மாட்டார். ஆவுடை வராந்தாவுக்கு வந்தாள்.

"எம்மா, இங்க அத்த பக்கத்துல நிக்காவ. எத்தன பேரு?"

"எட்டு."

"எட்டா?" சுபாவின் குரல் உயர்ந்தது. "எல்லாருமா? அண்ணன் ரெண்டு பேருமா?"

"எல்லாரும்னா எல்லாருந்தான். எத்தன தடவ சொல்லணும் உனக்கு."

"எட்டு ரெட்டப்படையாச்சே, ஆகாதும்பாவளே."

"திரும்பி வரும்போது ஒம்பதுட்டி," என்றாள் ஆவுடை. சொல்லிவிட்டாள். முள் இறங்கிய மாதிரியும் இருந்தது, இறங்காத மாதிரியும் இருந்தது.

சுபா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் அவளுக்கே உரிய கணக்கு ஆரம்பித்தது. "சரி, ராத்திரி எல்லாரும் நம்ம வீட்டுல எங்கம்மா படுக்க? பிள்ளையளுக்கும் எனக்கும் உள்ரூம்னு வையி. மைனிமாருக்கும் நம்ம அத்தைக்கும் அடுத்த ரூம். அண்ணன்மாரு அடுப்படிப் பக்கம் நீட்டிக்கிடுவாவ. நீ எங்க படுப்ப?"

ஆவுடை கையைப் பார்த்தாள். அது இப்போது சும்மா இருந்தது, யாரும் பிடிக்காமலே.

"நடையில ஒரு பாய் கெடக்குல்லா," என்றாள். "கதவ ஒட்டி நான் படுத்துக்கிடுதேன்."